ஒன்பது வாரமும் கைகொடுப்பது எது: ஆப்பா, குழுவா, பந்தயமா, துணையா?

ஓட ஆரம்பித்து நடுவில் விட்டவர்களிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். கால் வலித்தது, மூச்சு முட்டியது என்று சொல்பவர்கள் குறைவு. "ஊர்ல ஒரு கல்யாணம் வந்துச்சு", "பையனுக்குப் பரீட்சை", "ஒரு வாரம் விடாம மழை", "காய்ச்சல்ல படுத்தேன், அப்புறம் போகவே இல்லை." பெரும்பாலும் இதுதான் பதில். ஓட்டம் யாரையும் விரட்டவில்லை. நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது, அதைத் தாண்டித் திரும்பி வர முடியவில்லை, அவ்வளவுதான்.

நானும் அப்படி இரண்டு முறை விட்டவள். முதல் முறை மூன்றாவது வாரத்தில், அடுத்த முறை ஐந்தாவது வாரத்தில். மூன்றாவது முறை முடித்தேன். மூன்று முறையும் திட்டம் ஒன்றுதான், ஓடிய ஊரும் ஒன்றுதான், நாற்பதைத் தாண்டிய உடம்பும் அதேதான். என்னை ஓட வைத்தது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருந்தது. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். எந்தத் திட்டம் நல்லது என்பது இங்கே பேச்சில்லை. ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தபின் கடைசிவரை உடன் நிற்பது எது என்பதுதான் பேச்சு.

முதலில் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நான் எடுத்தது கவுச் டு 5கே, அதாவது சோபாவில் உட்கார்ந்தே பழகியவரை 5 கிலோமீட்டர் ஓடவைக்கும் பயிற்சித் திட்டம். ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை ஓடவைக்க 1996-இல் வகுத்தது. பிறகு பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். அதை எடுத்து ஆப்பாகவே இலவசமாகக் கொடுத்தது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 27 ஓட்டம். ஒவ்வொரு நாளும் 5 நிமிட வேக நடையில் ஆரம்பிக்கும். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி மாற்றி மாற்றி 20 நிமிடம். கடைசி வாரத்தில் நிற்காமல் 30 நிமிடம்.

நடுவில் ஐந்தாவது வாரம் ஒரு மலை. முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று முறை. இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு முறை. மூன்றாம் நாள் திடீரென்று நடையே இல்லாமல் 20 நிமிடம். அட்டவணையில் அந்த வரியைப் பார்த்ததுமே பலருக்கு வயிறு கலங்கும்.

அப்புறம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், கடைசியில் மனசு உடையாமல் இருக்கும். 30 நிமிடம் ஓடினால் 5 கிலோமீட்டர் வந்துவிடும் என்று பெயரைப் பார்த்து நினைத்துவிடக் கூடாது. கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் இருந்தால்தான் அது வரும். புதிதாக ஓடுபவர் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுத்துக்கொண்டால் 30 நிமிடத்தில் நாலு கிலோமீட்டர்கூட முழுசாக வராது. அதில் எந்தக் குறையும் இல்லை. அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவதுதான் பயிற்சியின் பலன்.

எதை வைத்து ஒப்பிடுவது? "ஊக்கம் கொடுக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதனால் மூன்று கேள்வி கேட்கிறேன். எழுந்திருக்க மனசில்லாத விடியற்காலையில் அது நம்மை வாசலுக்குக் கொண்டுவருமா? உற்சாகம் தலைக்கேறும் நாளில் நம்மை அடக்கிவைக்குமா? இரண்டு வாரம் விட்டுப்போன பிறகு திரும்ப அழைத்துவருமா?

இரண்டாவது கேள்வி சிலருக்கு விசித்திரமாகப் படலாம். உற்சாகம் நல்லதுதானே? ஆனால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது நான்காவது வாரத்தில் "இன்னும் ஓடலாம் போலிருக்கே" என்று தோன்றுவது மூச்சின் பேச்சு. அதைக் கேட்டு வேகத்தைக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்பக்கம் வலி பிடித்துக்கொள்ளும். அந்த வலி ஒரு இடைவெளியை உண்டாக்கும். இடைவெளி என்ன செய்யும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கிய 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு செயல் யோசிக்காமலே வருகிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது: 18 நாள் முதல் 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது தினமும் செய்கிற செயல்களை. நம் திட்டத்திலோ 63 நாளில் 27 நாள்தான் ஓட்டம். ஆக, ஒன்பது வாரத்தை ஒழுங்காக முடித்தாலும் ஓட்டம் இன்னும் பழக்கமாகியிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வாரத்திலும் யாரோ ஒருவர், ஏதோ ஒன்று நம்மைப் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கும்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தனியாக, காதில் ஆப்போடு

என் முதல் முயற்சி இப்படித்தான். நான் ஆரம்பித்ததே ஆப் இருந்ததால்தான், அதனால் அதை ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். "இப்போது ஓடுங்கள்", "இப்போது நடங்கள்" என்று ஒரு குரல் காதுக்குள் சொல்லிக்கொண்டே வரும். வாட்சைப் பார்க்க வேண்டாம், கணக்கு வைக்க வேண்டாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், மெதுவாக ஓடுகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டுவேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் நேரம் கிடைக்கிறது என்றாலும் ஆப்புக்குச் சம்மதம்தான்.

இரண்டாவது கேள்விக்கு ஆப் முழு மதிப்பெண் வாங்கும். நீங்கள் துள்ளிக்கொண்டிருந்தாலும் 90 விநாடி ஆனதும் நடக்கச் சொல்லிவிடும். சொன்னதைக் கேட்டால் கால் பிழைக்கும்.

மற்ற இரண்டிலும் அது தோற்றுப்போகிறது. மூன்றாவது வாரம் முடிகிற சமயம் எனக்குத் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். நான்கு நாள். ஷூவைப் பையில் வைத்துத்தான் எடுத்துக்கொண்டு போனேன், வெளியே எடுக்கவில்லை. திரும்பி வந்த வாரம் வீடு முழுக்கத் துணி மூட்டை, அலுவலகத்தில் வேலை குவிந்துகிடந்தது. ஆப் மட்டும் அதே இடத்தில், "வாரம் 3, ஓட்டம் 3" என்று காத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் பின்னால் போய் ஆரம்பிக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் போகலாம் என்று சொல்லவும் ஆள் இல்லையே. பத்து நாள் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தியது. பதினோராம் நாள் அதைப் போனின் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவைத்தேன். என் முதல் முயற்சி முடிந்தது அந்த விரல் அசைவில்தான்.

ஆப் வழி யாருக்குப் பொருந்தும் என்றால், ஏற்கெனவே வேறு ஏதாவது ஒன்றைத் தனியாக விடாமல் செய்து பழகியவர்களுக்கு. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து பாட்டுச் சாதகம் செய்கிறவர், வருஷக்கணக்கில் யோகா செய்கிறவர். மற்றவர்களுக்கு ஆப் நல்ல கடிகாரம், அவ்வளவுதான்.

ஓடியதைப் பதிந்து மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஸ்ட்ராவா போன்ற ஆப்களைப் பற்றியும் கேட்பார்கள். ஓடியதைப் பதிந்துவைக்க நல்லது. ஆனால் முதல் ஒன்பது வாரம் மற்றவர்களின் வேகத்தைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். கூடப் படித்தவர் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்தில் ஓடியதைக் காலையில் பார்த்துவிட்டு, நம் எட்டரை நிமிடத்தோடு சந்தோஷமாக வெளியே கிளம்புவது கடினம்.

ஓட்டக் குழு

சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கே பகுதிவாரியாகக் கிளைகள் இருக்கின்றன. பெசன்ட் நகர், மெரினா பக்கம் ஞாயிறு விடியற்காலை போனால் ஒரே நிறத்து டி-ஷர்ட்டில் கூட்டம் கூட்டமாக ஓடுபவர்களைப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ரேஸ் கோர்ஸ் சாலை நடைபாதையைச் சுற்றினால் போதும், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள்.

குழுவின் பலம் பெரிது. இருட்டில் தனியாக இல்லை என்பது பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெருநாய்ப் பயமும் பாதியாகிவிடும். எந்த ஷூ, எந்தப் பாதையில் வெளிச்சம் உண்டு, எந்தப் பிசியோதெரபிஸ்ட் நல்லவர் என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். ஓட்டம் முடிந்து எல்லோருமாக உட்கார்ந்து இட்லி சாப்பிடும் அந்த அரைமணி நேரத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. முதல் கேள்விக்குக் குழு நன்றாகவே பதில் சொல்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு அடி விழுந்தது. என் இரண்டாவது முயற்சியில் ஒரு குழுவில் சேர்ந்தேன். அவர்கள் "மெதுவா" என்று சொன்ன வேகம் எனக்கு ஓட்டப்பந்தயம். நான் நடக்க வேண்டிய 90 விநாடியில் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "வாங்க மேடம், இன்னும் கொஞ்சம்தான்" என்று அன்பாகக் கூப்பிடுவார். அன்பு என்பதால்தான் மறுக்க முடியவில்லை. நாலாவது வார முடிவில் வலது முன்னெலும்பைத் தொட்டால் உயிர் போனது. ஐந்தாவது வாரத்தின் முதல் நாளை நொண்டிக்கொண்டே முடித்தேன். பத்து நாள் ஓய்வு என்றார் டாக்டர்.

அந்தப் பத்து நாளும் வாட்ஸ்அப் குரூப்பில் படங்கள் வந்துகொண்டிருந்தன. கடலுக்குப் பின்னால் சூரியன், முன்னால் கட்டைவிரல் தூக்கிய பன்னிரண்டு பேர். யாரும் என்னைக் குத்திக்காட்டவில்லை, "எப்போ வர்றீங்க" என்று ஒருவர் விசாரிக்கவும் செய்தார். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏழு, எட்டு கிலோமீட்டரில் இருக்கும்போது, மறுபடி மூன்றாம் வாரத்துக்கு இறங்கி நின்று நின்று ஓட எனக்குக் கூச்சமாக இருந்தது. குழு நகர்ந்துகொண்டே இருக்கும். அதுதான் அதன் இயல்பு. திரும்பி வருகிறவருக்காக அது பின்னால் வர முடியாது.

ஒரு விலக்கு உண்டு. சில குழுக்கள் புதியவர்களுக்கென்றே தனியாக ஒரு பேட்ச் நடத்தும். எல்லோரும் ஒரே நாளில், முதல் வாரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்படி ஒன்று உங்கள் பகுதியில் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். நான் மேலே சொன்ன குறை அதற்குப் பொருந்தாது.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனில் இருந்து படிப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது: பார்க்ரன். 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடியதில் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தே முடித்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். எல்லோருக்கும் கடைசியில் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை வைத்திருக்கிறார்கள், அதனால் ஓட வந்தவர் யாருமே கடைசி ஆள் ஆக மாட்டார். புதிதாக ஓடுபவரின் பெரிய பயம் என்னவென்று தெரிந்த ஒருவர்தான் இந்த ஏற்பாட்டை யோசித்திருக்க முடியும். நம் ஊரில் இப்படி ஒன்று இல்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பந்தயத்துக்குப் பணம் கட்டிவிடுவது

"பேரைக் கொடுத்துட்டா ஓடித்தானே ஆகணும்" என்பது பரவலான யோசனை. ஜனவரியில் சென்னை மாரத்தான் இருக்கிறது. கோவையில் புற்றுநோய் அறக்கட்டளை நடத்தும் கோயம்புத்தூர் மாரத்தான் இருக்கிறது. பெயரில் மாரத்தான் என்று இருந்தாலும் இவற்றில் 10 கிலோமீட்டர் போன்ற சிறிய தூரங்களும் உண்டு. இது தவிர அங்கங்கே பள்ளி, மருத்துவமனை, காவல்துறை நடத்தும் 5 கிலோமீட்டர் ஓட்டங்களும் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

முதல் கேள்விக்கு இதன் பதில் ஆரம்பத்தில் பலமாக இருக்கும். காலண்டரில் வட்டம் போட்ட தேதி, கட்டிய பணம், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்த வாய். முதல் இரண்டு வாரம் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வரும். பிறகு தேதி தூரமாகத் தெரிய ஆரம்பிக்கும், வேகம் குறையும். கடைசி மூன்று வாரத்தில் மறுபடி பதற்றமாகத் திரும்பிவரும்.

அந்தப் பதற்றம்தான் ஆபத்து. நமக்குக் காய்ச்சல் வந்ததற்காகத் தேதி தள்ளிப்போகாது. இரண்டு வாரம் விட்டவர் என்ன செய்வார்? ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குத் தாவுவார். தாவினால் கால் போகும். இல்லையென்றால் "இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மொத்தமாக விடுவார். இரண்டையும் என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜனவரிப் பந்தயத்துக்கு ஒன்பது வாரம் பின்னால் எண்ணினால் நவம்பர் தொடக்கத்தில் வந்து நிற்கும், அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுமத்தி. வாரத்துக்கு மூன்று நாள் நனையாத சாலை கிடைப்பதே அரிது. ஜனவரியில் ஓட வேண்டுமென்றால் ஒன்பது வாரம் போதாது, பதின்மூன்று பதினான்கு வாரம் முன்னால் ஆரம்பிக்க வேண்டும்.

பந்தயமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மார்பில் எண் குத்திக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் கைதட்ட ஓடுவது ஒரு நல்ல அனுபவம். ஆறாவது வாரத்தை முடித்துவிட்டுப் பணம் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்குள் 25 நிமிடம் நிற்காமல் ஓடியிருப்பீர்கள். அப்போது பந்தயத் தேதி உங்களைத் துரத்தாது, நீங்கள் அதை நோக்கிப் போவீர்கள். ஒன்பது வாரம் முடிந்தபின் வரும் "இனி என்ன?" என்ற வெறுமைக்கும் அது நல்ல மருந்து.

ஜிம், பயிற்சியாளர்

ட்ரெட்மில் மழைக்காலத்துக்கு மாற்று. இருட்டில் வெளியே போக வழியில்லாத பெண்களுக்குச் சில சமயம் அதுதான் ஒரே வழி. ஆனால் கண்ணுக்கு நேரே விநாடி ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். நிறுத்துகிற பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாலையில் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டால் எப்படியும் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

தனிப் பயிற்சியாளர் எல்லோருக்கும் தேவையில்லை. முழங்காலில் பழைய காயம் இருப்பவர்கள், உடல் எடை மிக அதிகமாக இருப்பவர்கள் வசதியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் எந்த வழியில் போனாலும் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஒரே ஒரு துணை

மூன்றாவது முயற்சியில் எனக்குக் கிடைத்தவர் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாள் படியேறும்போது இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கியது. அங்கேயே, இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றபடி பேச்சு ஆரம்பித்தது. செவ்வாய், வியாழன், சனி. காலை 5.15. இடம் கீழே கேட். ஆவணியில் தொடங்கினோம்.

முதல் கேள்விக்கு இதைவிடப் பலமான பதில் எதுவும் இல்லை. ஒரு பெரியவர் கீழே இருட்டில் தனியாக நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு படுத்திருக்க முடியாது. ஊக்கம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம். நான் நிற்பேனே என்று அவர் எழுந்திருக்கிறார், அவர் நிற்பாரே என்று நான் எழுந்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதில் நான் எதிர்பாராதது. அக்கா பேசிக்கொண்டே ஓடுவார். ஓட்டத்தில் பேச முடிகிறதா என்று பார்த்து வேகத்தைத் தீர்மானிப்பது பயிற்சியாளர்கள் சொல்லும் பழைய சோதனைதான். எங்களுக்கு அது தானாகவே அமைந்தது. மருமகள் வாங்கிய மிக்ஸி, மாடியில் ஒழுகும் டேங்க், அந்தக் காலத்தில் மாம்பலத்தில் இருந்த வீடு, எதையாவது சொல்லிக்கொண்டே வருவார். அவர் வாக்கியம் நடுவில் அறுந்தால் இரண்டு பேரும் வேகத்தைக் குறைப்போம். வலியில்லாமல் நாலாவது வாரத்தைத் தாண்டினேன்.

அப்புறம் மூன்றாவது கேள்வி. புரட்டாசியில் எனக்கு வைரல் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள். காய்ச்சல் விட்டபிறகும் மூட்டுக்கு மூட்டு வலி. இரண்டு நாள் அவர் தனியாகப் போனார், பிறகு அவரும் நடையோடு நிறுத்திக்கொண்டார். பதிமூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு டப்பாவில் ரசம் எடுத்துக்கொண்டு வந்தவர், வாசலில் கிடந்த என் ஷூவைக் காலால் நேராக்கி வைத்தார்.

"சனிக்கிழமை மூணாவது வாரத்துல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

"நாலு முடிச்சுட்டோமேக்கா."

"முடிச்சா என்ன, நீ இளைச்சுப்போய் நிக்கிற. எனக்கும் விட்டுப்போச்சு. மூணுல இருந்தே போவோம்."

இதைத்தான் ஆப் செய்யவில்லை, குழுவால் செய்ய முடியவில்லை, பந்தயத் தேதி செய்ய விடாது. பின்னால் போவதற்கு ஒருவர் உடன் வந்தார். தனியாகப் பின்னால் போனால் தோல்வி மாதிரி இருக்கும். இரண்டு பேராகப் போனபோது அது வெறும் ஏற்பாடு.

ஐந்தாவது வாரத்தின் மூன்றாவது நாள் ஐப்பசியில் வந்தது. முந்தின இரவு மழை பெய்து, எலியட்ஸ் கடற்கரைச் சாலை முழுக்க வேப்பிலைச் சருகு ஒட்டிக்கிடந்தது. வேளாங்கண்ணி கோயில் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கார்ல் ஷ்மிட் நினைவு வளைவைத் தாண்டித் திரும்பி வந்தால் கணக்குச் சரியாக இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தார். கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமிக்குக் கட்டிய வளைவு அது. அதைத் தொடும்போது எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. அக்கா அன்றைக்குப் பேசவில்லை. எனக்கு அவர் மூச்சும் ஈரத் தரையில் நாலு ஷூவும் படும் சத்தமும்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பதினைந்தாவது நிமிடத்தில் சாலை நடுவில் நாய்க்கூட்டம் ஒன்று எழுந்து நின்றது. ஓடினால் துரத்தும், நடந்தால் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். இருபது அடி நடந்தோம், மறுபடி ஓடினோம். காதுக்குள் குரல் முடிந்தது என்று சொன்னபோது அக்கா முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. "இருபது நிமிஷம்டி" என்றார். அந்த இருபதடி நடையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஒன்பது வாரத் திட்டத்தை முடிக்க எங்களுக்குப் பதினான்கு வாரம் ஆனது. மழையில் போன ஒரு வாரமும் அதில் சேர்த்தி.

துணை வழியில் குறையே இல்லையா என்றால், உண்டு. துணை விட்டால் நாமும் விட்டுவிடுவோம், அது பெரிய குறை. அதனால் முதல் நாளே ஒன்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும்: ஒருவர் வர முடியாத நாளில் மற்றவர் போகத்தான் வேண்டும், போய்வந்து ஒரு மெசேஜ் போட வேண்டும். காய்ச்சல் சமயத்தில் அக்கா நிறுத்தியது இதைப் பேசி வைக்காததால்தான். அதற்குப் பிறகு பேசிவைத்தோம்.

யாரைத் துணையாக எடுப்பது என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். நெருங்கிய நட்பைவிட ஒரே ஆரம்ப நிலை முக்கியம். ஏற்கெனவே ஓடுகிற சிநேகிதி துணை ஆக மாட்டாள், ஆசிரியை ஆகிவிடுவாள். வீட்டுக்கும் வீட்டுக்கும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். ஐந்து நிமிட வண்டிப் பயணம்கூட ஒரு சாக்கு. அப்புறம், கணவன் மனைவி ஒருவருக்கொருவர் துணையாவது பெரும்பாலும் சரிவராது என்பது நான் பார்த்தவரையில் தெரிந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரே காரணத்தால் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். இடைவெளி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் யார் யாரைக் கூப்பிடுவது? துணை என்பவர் வேறு வீட்டுக் காலண்டரில் வாழ்கிறவராக இருக்க வேண்டும்.

ஆக, நான் இன்று ஒருவருக்குச் சொல்வதென்றால்

துணை ஒருவர், காதில் ஆப், ஆறாவது வாரத்துக்குப் பிறகு பந்தயம், ஒன்பது வாரம் முடிந்தபின் குழு. இந்த வரிசையில்தான் சொல்வேன். அரை மணி நேரம் ஓட வந்தபிறகு போனால் குழு நம்மை இழுத்துக்கொண்டு போகாது, கூட ஓடும். நானும் அக்காவும் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு குழுவோடு ஓடுகிறோம். முன்பு எனக்கு வலியைக் கொடுத்த அதே வேகம் இப்போது பேச்சுத்துணையாக இருக்கிறது.

துணையே கிடைக்கவில்லை என்றால் புதியவர்களுக்கான பேட்ச். அதுவும் இல்லையென்றால் ஆப், கூடவே ஒருவரிடம் வாரத்துக்கு மூன்று முறை "போய்வந்தேன்" என்று சொல்லும் ஏற்பாடு. அவர் ஓட வேண்டிய அவசியம் இல்லை. துபாயில் இருக்கும் தம்பியாக இருக்கலாம், ஊரில் இருக்கும் அம்மாவாக இருக்கலாம். ஒரு செவ்வாய் செய்தி வரவில்லை என்றால் திருப்பிக் கேட்கிறவராக இருக்க வேண்டும், அது மட்டும் போதும்.

எப்போது ஆரம்பிப்பது என்பதும் இதில் சேர்ந்ததுதான். சென்னை மாதிரி ஊருக்குத் தை மாதம் நல்ல தொடக்கம். பொங்கல் ஊர்ப்பயணம் முடிந்து வந்ததும் ஆரம்பித்தால் பங்குனிக்குள் ஒன்பது வாரம் முடியும். மூன்று வாரம் விட்டுப்போனாலும் கத்திரி வெயிலுக்கு முன்னால் கரையேறிவிடலாம். எங்களைப் போல ஆவணியில் ஆரம்பித்தால் மழையையும் தீபாவளியையும் தாண்டியாக வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி வாரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

துணையைக் கேட்கும்போது "ஓட வர்றீங்களா" என்று கேட்காதீர்கள். யாரும் சட்டென்று சரி என்று சொல்ல மாட்டார்கள், ஷூ இல்லை, வயசாச்சு என்று ஆரம்பிப்பார்கள். "செவ்வாய்க்கிழமை அஞ்சேகாலுக்குக் கீழே கேட்ல நிக்கிறேன், ஒரு நிமிஷம் ஓடுவோம், ஒன்றரை நிமிஷம் நடப்போம்" என்று சொல்லுங்கள். அக்காவிடம் நான் அப்படித்தான் சொன்னேன். முதல் நாள் அவர் ரப்பர் செருப்போடுதான் வந்தார், அன்றைக்கு நடந்துவிட்டு, வியாழனுக்குள் ஷூ வாங்கிவிட்டார்.